கட்டு வாங்குமுன்

காவிரிப் படுகையில் கறவை வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்



மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை, மயிலாடுதுறைப் பக்கங்களில் கொல்லையில் ஒன்றோ இரண்டோ மாடு கட்டி, காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற உங்களுக்காக இதை எழுதுகிறேன். நிலம் உள்ளவர்களும் படிக்கலாம். கடைசியில் அவர்களிடம் கேட்கவும் சில விஷயங்கள் இருக்கின்றன. ஆனால் முதல் பேச்சு நிலமில்லாமல் மாடு மட்டும் வைத்திருப்பவர்களோடுதான். வைக்கோலை இன்று கைக்காசு போட்டு வாங்குகிறவர்கள் நீங்கள்தானே.

அறுப்பு மெஷின் வருவதற்கு முன்னால் நம் பக்கம் வைக்கோலுக்கு விலை பேசிய ஆள் குறைவு. அரிவாள் பிடித்துத் தரையை ஒட்டி அறுத்து, கட்டித் தலையில் சுமந்து களத்துக்குக் கொண்டுவந்து, அடித்து, மாடு விட்டு மிதித்து, உதறிக் காயவைத்து, போராக ஏற்றினார்கள். கொஞ்சம் தட்டுப்பாடு வந்தால் போர் வைத்திருக்கிற வீட்டில் கேட்டுப் பிடுங்கிக்கொள்ளலாம். அதற்கு ஈடாக அந்த வீட்டுக்குச் செய்யவேண்டிய வேலைகளும் உண்டு. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று பாட எனக்கு ஆசையில்லை. இன்று செயின் மெஷின் வயலில் இறங்கி நெல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வைக்கோலை வரிசையாகத் தள்ளிவிட்டுப் போகிறது. பின்னாலேயே டிராக்டரில் கட்டு மெஷின் வந்து அதை வாரிச் சுருட்டி உருளையாக்கிப் போடுகிறது. அப்புறம் லாரி. கேரளத்துக்குப் போகிறது, நாமக்கல், ஈரோடு பக்கம் போகிறது, காளான் கொட்டகைக்குப் போகிறது. வயலுக்கு அடுத்த தெருவில் குடியிருக்கிற நீங்களும் அந்த லாரிக்காரர் சொல்கிற விலைக்கே அந்த வைக்கோலை வாங்குகிறீர்கள்.

மெஷினைத் திட்டிப் பயனில்லை. அறுப்புக்கு ஆள் கிடைக்காத ஊரில், கட்டு மெஷினும் இல்லையென்றால் அந்த வைக்கோலுக்கு வயலிலேயே தீ வைத்திருப்பார்கள். பஞ்சாபிலும் அரியானாவிலும் நடப்பது அதுதான். அங்கே மாடு தின்பது கோதுமை வைக்கோல். நெல் வைக்கோலை அவ்வளவாக யாரும் தொடுவதில்லை. நெல் அறுத்த கையோடு கோதுமை விதைக்க வேண்டிய அவசரத்தில் அக்டோபர், நவம்பரில் கொளுத்திவிடுகிறார்கள். புகை டெல்லி வரைக்கும் வருகிறது. நம் பக்கம் நெல் வைக்கோலைத் தின்ன மாடு இருக்கிறது, வாங்க ஆளும் இருக்கிறது. அது நல்லதுதான்.

எனக்கு உறுத்துவது வேறு. காசு கொடுத்து வாங்கத் தொடங்கியதும் கட்டு வைக்கோலை முழுத் தீவனம் என்று நம்பத் தொடங்கிவிட்டோம். கட்டுக்குக் கொடுத்த காசை ஈடுகட்டப் பிண்ணாக்கைக் குறைக்கிறோம். புல் அறுக்கப் போவதை நிறுத்துகிறோம். 'வைக்கோல்தான் வயிறு முட்டப் போடுறோமே' என்கிறோம். வயிறு முட்டத்தான் செய்யும். பால் வராது.

கணக்குப் போட்டே பார்ப்போம். நெல் வைக்கோலில் புரதம் 3 முதல் 4 சதவீதம். 400 கிலோ எடையுள்ள ஒரு கலப்பினப் பசு வேறெதுவும் இல்லாமல் வைக்கோலை மட்டும் தின்றால் நாளுக்கு ஆறேழு கிலோவுக்கு மேல் அதனால் தின்ன முடியாது. அதிலிருந்து கிடைக்கிற புரதம் கூடிப்போனால் 280 கிராம். அந்த மாடு சும்மா நின்று மூச்சுவிட்டு உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளவே 300 கிராமுக்கு மேல் வேண்டும். பிறகு ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் சுமார் 90 கிராம். வைக்கோலில் இருக்கிற அந்தக் கொஞ்சப் புரதத்திலும் பெரும்பங்கு சாணத்தோடு போய்விடும். ஆக, வைக்கோலை நம்பிக் கறக்கிற பாலெல்லாம் மாட்டின் உடம்பிலிருந்து வருகிற பால். கன்று போட்ட இரண்டாம் மாதம் விலா எலும்பு தெரியத் தொடங்கி, சினைக்கே வராமல் காலம் தள்ளுகிற மாடு உங்கள் தெருவில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

ஏன் அதிகம் தின்ன முடியாது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. வைக்கோலை மாடு நேராகச் செரிப்பதில்லை. முதல் வயிற்றில் குடியிருக்கிற கோடானுகோடி நுண்ணுயிர்கள்தான் நாரை உடைக்கின்றன. அவை பெருகப் புரதச் சத்து, அதாவது தழைச்சத்து வேண்டும். தீனியில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் அவற்றின் வேலை தளர்ந்துவிடும். தின்ற வைக்கோல் உடைபடாமல் வயிற்றிலேயே நாள்கணக்கில் கிடக்கும். இடம் காலியானால்தானே மாடு அடுத்த வாய் எடுக்கும்? தொட்டியில் வைக்கோல் மிச்சம் கிடப்பதைப் பார்த்து 'இந்த மாட்டுக்கு வாய் ருசி கூடிப்போச்சு' என்று சொல்லாதீர்கள். அதற்கு ஒரு கை கடலைப் பிண்ணாக்கோ, ஒரு கட்டு அகத்தித் தழையோ கொடுத்துப் பாருங்கள். அந்த வைக்கோலையே இன்னும் அதிகமாகத் தின்னும்.

'எங்க தாத்தா வைக்கோலைப் போட்டே பத்து மாடு வளத்தாரு' என்று ஒரு பதில் வரும். வளர்த்தார், உண்மை. அவர் வளர்த்தது உம்பளாச்சேரி மாடு. சேற்றுழவுக்கென்றே நாகை, திருவாரூர்ப் பக்கம் உருவான இனம். சின்ன உடம்பு, அழுத்தமான கால், பால் கொஞ்சம். கன்று குடித்தது போக வீட்டுக்கு ஒரு சொம்பு. அது கொட்டிலில் மட்டும் நிற்கவும் இல்லை. அறுப்பு முடிந்த வயலிலும் வரப்பிலும் ஆற்றுப் படுகையிலும் மேய்ந்து, புல்லும் உளுந்துக் கொடியும் தின்று வீடு திரும்பியது. நீங்கள் கட்டி வைத்திருப்பது பத்து லிட்டர் கறக்கவேண்டிய ஜெர்சிக் கலப்பு. மேய்ச்சலுக்கும் இடமில்லை. தாத்தாவின் வைக்கோலும் இன்றைய கட்டும் ஒன்றில்லை என்பது இன்னொரு விஷயம்.

அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பலருக்கும் தெரியாதது இது. சோளம், கம்பு எதை எடுத்தாலும் இலைதான் மாட்டுக்கு நல்லது, தண்டு கட்டை. நெல்லில் மட்டும் தலைகீழ். நெற்பயிர் மண்ணிலிருந்து மணல்சத்தை, சிலிக்கா என்கிறார்களே அதை, இழுத்து இலையில் கொண்டுபோய் வைக்கிறது. நெல் இலை கையைக் கிழிப்பது அதனால்தான். தண்டில் அது குறைவு. அதனால் தண்டுதான் நன்றாகச் செரிக்கிறது. கையால் அறுத்தபோது தரையோடு அறுத்தோம். தண்டும் சேர்ந்து வந்தது. மெஷின் ஓட்டுகிறவர் டீசலும் நேரமும் மிச்சம் பிடிக்கக் கட்டரைத் தூக்கி வைத்து ஓட்டுகிறார். ஒரு முழத் தாள் வயலிலேயே நிற்கிறது. நல்லது வயலிலும் மணல் கட்டிலுமாகப் பிரிந்துவிடுகிறது. ஈர வயலில் செயின் ஏறி மிதித்த வைக்கோல் என்றால் சேறும் அதோடு சேர்ந்து சுருண்டு வரும். கட்டு ஒரே மாதிரி உருண்டையாக இருப்பதால் உள்ளே இருப்பதும் ஒரே மாதிரி என்று நினைக்கக் கூடாது.

அடுத்தது ஈரம். கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு 17 சதவீத ஈரம் என்று கருவி வைத்துப் பார்க்கிறார்கள். கூடினால் மூட்டையைத் திருப்பி அனுப்புகிறார்கள். 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் பருவம் தப்பிப் பெய்த மழையில் சம்பாக் கதிர் சாய்ந்தபோது அந்த அளவைத் தளர்த்தச் சொல்லி மாநில அரசே மத்திய அரசுக்கு எழுதியது. அந்த வயல்களில் கிடந்த வைக்கோலின் ஈரத்தை அளக்கக் கருவியும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. அதையும் சுருட்டித்தான் விற்றார்கள். வைக்கோல் 15 சதவீதத்துக்குக் கீழே காய்ந்த பிறகு கட்டினால்தான் கெடாமல் நிற்கும். 20 சதவீதத்தைத் தாண்டினால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். தை மாதத்துப் பனியில் காலை எட்டு மணிக்குக் கட்டு மெஷின் ஓடுவதைப் பார்த்தால், அந்த வயலின் கட்டை வாங்காதீர்கள். மத்தியானம் வெயில் ஏறி, வரிசையை ஒருமுறை புரட்டிவிட்டு, கையில் எடுத்து முறுக்கினால் சடசடவென்று ஒடிகிற பதத்தில் கட்டினது நல்ல கட்டு.

இந்த ஈரத்துக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். 20 கிலோக் கட்டு ஒன்றில் 12 சதவீதம் ஈரம் என்றால் உலர்ந்த வைக்கோல் 17 கிலோ 600 கிராம். 25 சதவீதம் என்றால் 15 கிலோதான். விலை ஒன்றே, இரண்டரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர். இந்தக் கணக்கும் எல்லாக் கட்டும் 20 கிலோ என்று வைத்துக்கொண்டு போட்டது. உண்மையில் மெஷினுக்கு மெஷின் இறுக்கம் வேறு. ஒருவர் கட்டு தூக்கவே முடியாமல் கனக்கும், இன்னொருவர் கட்டு தலையணை மாதிரி இருக்கும். எண்ணிக்கைக்கு வாங்குகிற வரைக்கும் விற்கிறவர் தளர்த்திக் கட்டத்தான் செய்வார். அவரைக் குறை சொல்லி என்ன? காய்கறியை, தவிட்டை, பிண்ணாக்கை எல்லாம் எடைக்கு வாங்குகிற நாம் வைக்கோலை மட்டும் ஏன் எண்ணி வாங்குகிறோம்?

வாங்கும்போது ஒரு கட்டையாவது பிரிக்கச் சொல்லுங்கள். விற்கிறவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். மேலே பொன்னிறமாக இருக்கும். நடுவில் கைவிட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அது இன்னும் வெந்துகொண்டிருக்கிறது. அதிகம் அடுக்கி வைத்தால் தானாகத் தீப்பிடிக்கிற அளவுக்குக்கூட அந்தச் சூடு போகும். கறுப்புத் திட்டு, வெள்ளைப் பொடி, முக்கல் வாடை எது இருந்தாலும் வேண்டாம். 'அந்தப் பக்கத்தை மட்டும் ஒதுக்கிட்டுப் போடுங்க' என்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற பூஞ்சையைத்தான் ஒதுக்க முடியும்.

பூஞ்சை வைக்கோல் என்ன செய்யும் என்பதற்கு வடக்கே ஒரு நோயே இருக்கிறது. டெக்னாலா என்று பெயர். பாகிஸ்தான் பஞ்சாபில் தேக் என்ற ஓடையை ஒட்டிய ஊர்களில் முதலில் கண்டதால் அந்தப் பெயர். ஈரமாகக் கிடந்து பூஞ்சை பிடித்த நெல் வைக்கோலைக் குளிர்காலத்தில் தின்கிற எருமைகளுக்கு வரும். வால் நுனி, காது நுனி, குளம்புக்கு மேலே என்று இரத்தம் ஓடாமல் அழுகி உதிரும். நம் ஊரில் அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், தீனி எடுக்காமை, கழிச்சல், கரு விழுதல் எல்லாவற்றுக்கும் கெட்ட வைக்கோல் ஒரு காரணம் ஆகலாம். தீவனத்தில் இருக்கிற பூஞ்சை நஞ்சில் ஒரு வகை பாலிலும் இறங்கும். அந்தப் பாலைக் குடிப்பது நம் பிள்ளைகள்தான். அக்கா, இன்னொன்று. தூசி பறக்கிற கட்டை உதறிப் போடுவது பெரும்பாலும் நீங்கள். பூஞ்சைத் தூசியை நாளும் மூச்சில் இழுத்தால் நுரையீரல் கெடும். அதற்கென்றே மருத்துவத்தில் தனிப் பெயருண்டு. முந்தானையை வாயில் சுற்றிக்கொள்ளுங்கள், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று உதறுங்கள்.

கட்டைச் சுற்றியிருக்கிற நூலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நைலான் நூல் வயிற்றுக்குள் போனால் செரிக்காது, வெளியேயும் வராது. ஒன்றோடு ஒன்று சிக்கிப் பந்தாகி, ஒருநாள் மாடு அசை போடுவதை நிறுத்தும். மருத்துவர் வயிற்றைக் கிழித்து எடுக்கிற குப்பையில் பாலித்தீன் பைக்கு அடுத்தபடி இதுதான் இருக்கும். பிரிக்கும்போது நூலை அறுத்து இழுத்து, முழுசும் வந்துவிட்டதா என்று பார்த்து, கொட்டிலின் உத்தரத்தில் ஒரு ஆணியில் மாட்டிவிடுங்கள். கொல்லையில் எறிந்தால் மறுநாள் மாடு அதை மென்றுகொண்டிருக்கும்.

வைக்கும் இடத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, போர் போட்ட கைகள் உங்களுடையவை. ஒன்று மட்டும்: போர் கூம்பாக ஏறி மழைநீரை வழியவிடும், உருளைக் கட்டு நீரை உறிஞ்சும். எனவே கீழே சவுக்குக் கட்டையோ பனை மட்டையோ போட்டுத் தரையிலிருந்து தூக்கி அடுக்குங்கள். மேலே தார்ப்பாய் போடுங்கள். ஆனால் தரைவரைக்கும் இழுத்து மூடிக் கட்டாதீர்கள், பக்கவாட்டில் காற்றுப் போகட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாண்டவேண்டிய சரக்கு அது.

இனி போடுகிற முறை. வைக்கோலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இளம்புல்லும் மாவுத் தீவனமுமாகப் போட்டால் மாடு அசை போடுவது குறையும், சொசைட்டியில் 'கொழுப்பு வரலை' என்று கறாராக விலையைக் குறைப்பார்கள். நீளமான நார் உள்ளே இருந்தால்தான் எச்சில் ஊறும், வயிறு புளிக்காது, பாலில் கொழுப்பு நிற்கும். எட்டுப் பத்து லிட்டர் கறக்கிற மாட்டுக்கு 4, 5 கிலோ வைக்கோல், 15 முதல் 20 கிலோ பசுந்தீவனம், உடம்புக்கென்று ஒரு கிலோவும் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோவுமாக அடர்தீவனம், 30 முதல் 50 கிராம் தாது உப்பு. பால் வற்றிய மாட்டுக்கும் உழவு மாட்டுக்கும் வைக்கோலைக் கூட்டலாம். நிறைமாதச் சினைக்கு அப்படிச் செய்யாதீர்கள். கன்று வயிற்றை அடைத்துக்கொண்டிருக்கும்போது வைக்கோலுக்கு இடமில்லை, சின்ன அளவில் நல்ல தீனி வேண்டும். வைக்கோலில் இருக்கிற ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; தாது உப்பு அதற்காக. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த வைக்கோலில் வைட்டமின் ஏ துளியும் இருக்காது. பசும் இலை அதற்காக. பச்சையே பார்க்காத தாய் போடுகிற கன்று பார்வை மங்கியோ நோஞ்சானாகவோ பிறக்கலாம்.

20 கிலோ பசுந்தீவனத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நிலமில்லாதவர்களுக்கு அது நியாயமான கேள்வி. வேலியோரம் அகத்தி, கிளைரிசிடியா, சூபாபுல் வைக்க நிலம் வேண்டாம். அடிபம்பு, குளியல் தண்ணீர் போகிற இடத்தில் கம்பு நேப்பியர் கரணை நாலு வரிசை ஊன்றலாம். கடலைக் கொடி கிடைக்கிற பட்டுக்கோட்டை, ஒரத்தநாட்டுப் பக்கத்தில் அதை விட்டுவிடாதீர்கள். வைக்கோலைப் போல மூன்று மடங்கு புரதம் அதில் உண்டு. உளுந்துப் பொட்டும் அப்படித்தான். இரண்டையும் வைக்கோலோடு கலந்து போட்டால் வைக்கோலும் சேர்ந்து உள்ளே போகும். வைக்கோலைத் துண்டு துண்டாக நறுக்கினால் வீணாவது குறையும், சத்து கூடாது. உப்புத் தண்ணீர் தெளித்தால் விரும்பித் தின்னும்.

இதையெல்லாம்விடப் பெரிய உதவி யூரியாவில் ஊறவைத்த வைக்கோல். கால்நடை மருத்துவர்கள் இதை எத்தனையோ வருஷமாகச் சொல்லி அலுத்துவிட்டார்கள். நாம் செய்வதில்லை. யூரியா என்றால் நஞ்சு என்ற பயம் ஒன்று, 21 நாள் பொறுக்கவேண்டிய சள்ளை ஒன்று. பயம் நியாயமானது, அதற்கு வருகிறேன். செய்முறை இதுதான். 100 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா; அதை 50 முதல் 65 லிட்டர் தண்ணீரில் முழுசும் கரைய விடுங்கள். தரையில் தார்ப்பாய் விரித்து, கட்டைப் பிரித்து (உருளையாகவே வைத்து மேலே ஊற்றினால் உள்ளே இறங்காது) அரையடி உயரத்துக்குப் பரப்பி, பூவாளியால் சீராகத் தெளித்து, ஏறி மிதியுங்கள். அடுத்த அடுக்கு, மறுபடி தெளிப்பு, மறுபடி மிதி. முடிந்ததும் காற்றுப் புகாமல் மூடி, ஓரங்களில் மண் மூட்டை வைத்துவிடுங்கள். யூரியா உடைந்து அம்மோனியாவாகி நாரை இளக்கும். 21 நாள் கழித்துத் திறந்தால் கரும்பழுப்பு நிறத்தில், கண்ணில் நீர் வரவைக்கிற நெடியோடு இருக்கும். அன்றன்றைக்குத் தேவையானதை எடுத்து ஒரு மணி நேரம் காற்றாட விட்டுப் போடுங்கள். புரத அளவு 7, 8 சதவீதத்துக்கு ஏறியிருக்கும். செரிமானமும் கூடும், தின்கிற அளவும் கூடும். நூறு கிலோவுக்கு யூரியாச் செலவு முப்பது ரூபாயைத் தாண்டாது.

பயப்படவேண்டிய இடங்கள் இவை: ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு வேண்டாம். பட்டினி கிடந்த மாட்டுக்கு முதல் தீனியாக வேண்டாம். முதல் வாரம் சாதா வைக்கோலோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். யூரியா கரைத்த வாளியை மாடு எட்டுகிற தூரத்தில் வைக்கவே கூடாது. தண்ணீர் என்று குடித்தால் மருத்துவர் வருவதற்குள் உயிர் போய்விடும். மூடி வைக்காமல் தெளித்த கையோடு போடுவதும் வேண்டாம், யூரியா அளவைக் கண் திட்டத்தில் கூட்டுவதும் வேண்டாம். தராசில் நிறுத்துப் போடுங்கள்.

21 நாள் பொறுப்பது சள்ளை என்பவர்களுக்கு ஒரு கணக்கு. நாளுக்கு 5 கிலோ என்றால் 100 கிலோ ஒரு மாட்டுக்கு 20 நாள். இரண்டு குவியல் போட்டு, ஒன்றைத் தின்றுகொண்டிருக்கும்போது மற்றொன்று பதமாகட்டும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அரைநாள் வேலை. அக்கம்பக்கத்தில் நாலு வீடு சேர்ந்தால் அதுவும் இல்லை.

இப்போது நிலம் உள்ளவர்களிடம்.

அறுப்பு மெஷின்காரரிடம் கட்டரை இறக்கி ஓட்டச் சொல்லுங்கள். மணிக்கணக்கு வாடகையில் கொஞ்சம் கூடத்தான் ஆகும். மாட்டுக்கு உதவுகிற தண்டு கட்டுக்குள் வரும், கட்டின் எண்ணிக்கையும் கூடும். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாளுக்கு முன்னால் ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளிக்கிற வழக்கம் நம்முடையது. முளைத்து நிற்கிற உளுந்தின் மேல் அறுப்பு மெஷின் ஒருமுறை, கட்டு மெஷின் ஒருமுறை, கட்டு ஏற்ற டிராக்டர் ஒருமுறை என்று ஏறி இறங்கினால் என்ன மிஞ்சும்? இதற்குப் பயந்தே பலர் உளுந்தை விட்டுவிட்டார்கள். உளுந்து போனால் வீட்டுப் பருப்பு மட்டும் போவதில்லை, வைக்கோலுக்குத் துணையாக மாடு தின்கிற கொடியும் பொட்டும் போகிறது. எனக்குத் தோன்றுவது, உளுந்து தெளித்த வயலில் கட்டு மெஷினை இறக்காமல் பழையபடி ஆள் வைத்து வைக்கோலை வரப்புக்கு வாரிவிடலாம் என்பது. கூலிக்குப் பதில் வைக்கோலில் பங்கு என்று மாடு வைத்திருப்பவர்களைக் கூப்பிட்டால் வருவார்கள்.

மண்ணின் கணக்கும் இருக்கிறது. நெற்பயிர் எடுக்கிற சாம்பல் சத்தில் ஐந்தில் நாலு பங்கு வைக்கோலில்தான் தங்குகிறது, நெல்லில் கொஞ்சம்தான். ஒரு டன் வைக்கோலில் ஏறத்தாழ 15 கிலோ பொட்டாசியம். ஏக்கருக்கு இரண்டு டன் என்று வைத்தால், லாரியில் ஏறிப் போவது ஒரு மூட்டைப் பொட்டாஷ் உரத்துக்கும் அதிகம். வருஷா வருஷம் அதை விற்றுவிட்டு உரக்கடையில் வரிசையில் நிற்கிறோம். அந்த வைக்கோலை உள்ளூர் மாடு தின்றால் சாணமும் கோமியமுமாக அதில் பெரும்பகுதி வயலுக்குத் திரும்பும். கட்டுக்கு ஈடாக எரு வாங்கிக்கொள்வது என்று பக்கத்து வீட்டு மாட்டுக்காரரிடம் பேசிவைத்தால் இருவருக்கும் காசு மிச்சம்.

எல்லாக் கட்டையும் உள்ளூரிலேயே விற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. விலை எங்கே கூடக் கிடைக்கிறதோ அங்கே விற்பது உங்கள் உரிமை. ஆனால் 2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தபோது, நெல் விளைகிற நம் ஊரிலேயே வைக்கோலுக்குத் தவித்தோம். அரசு கிடங்கு திறந்து மானிய விலையில் உலர் தீவனம் கொடுக்க வேண்டியிருந்தது. அப்போது அடிமாட்டு விலைக்குப் போன கறவைகளை மறந்திருக்க மாட்டீர்கள். பத்துக் கட்டுக்கு ஒரு கட்டு ஊருக்கு என்று ஒதுக்கினால் அப்படியொரு வருஷத்தைத் தாண்டிவிடலாம்.

மறுபடியும் மாட்டுக்காரர்களுக்கு, இதோடு முடிக்கிறேன். கட்டின் விலை தை கடைசியிலும் மாசியிலும் இறங்கியிருக்கும், சரக்கும் காய்ந்திருக்கும். ஐப்பசியில் தேவை கழுத்தைப் பிடிக்கும்போது விலையும் ஏறியிருக்கும், கிடைப்பது குறுவையின் நனைந்த வைக்கோலாகவும் இருக்கும். தனித்தனியாக மாசியில் மொத்தப் பணம் புரட்ட உங்களால் முடியாது என்பது எனக்குத் தெரியும். அதனால் சொசைட்டியில் பால் ஊற்றுகிறவர்கள் இருபது பேர் சேருங்கள். பால் பணத்தில் வாரம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளும்படி செயலாளரிடம் கேளுங்கள். மகளிர் குழுக் கடனுக்கும் இதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை. ஒரு லாரியாகப் பேசி, எடை மேடையில் ஏற்றி, கிலோ இவ்வளவு என்று விலை பேசுங்கள். பிரித்துப் பார்க்காமல் இறக்க விடாதீர்கள். பார்த்து இறக்கிய வைக்கோலில் முதல் 100 கிலோவை யூரியா போட்டு மூடிவிட்டு, மீதியை அடுக்குங்கள். கையில் மிஞ்சுகிற காசுக்குப் பிண்ணாக்கு வாங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பக்கத்துக் கறவைக்காரன்